கூப்பிட்டால் போய்விடுகிறவர்

கீழவைப்பார் கிராமத்து இனிகோவிடம் ஒரு குறை உண்டு. யாராவது கூப்பிட்டால் போய்விடுவார். "வாரும், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவும்" என்று சொல்ல வேண்டியதுதான், சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். சாப்பாட்டு ஆசை என்று சொல்ல முடியாது. வீட்டில் மனைவி பிளாரன்ஸ் வைக்கும் குழம்புக்கு மேலான குழம்பை அவர் எங்கேயும் சாப்பிட்டதில்லை, அதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டார்களே என்கிற சந்தோஷம்தான் அவரை இழுத்துக்கொண்டு போகும். கூப்பிட்டது எதற்காக என்ற யோசனை, திரும்பி வந்து பிளாரன்ஸ் கேட்கும்போதுகூட அவருக்கு வராது.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் இனிகோ தண்டலாக இருந்தவர். தோணியின் தலைமை மாலுமியைத் தண்டல் என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒரு தரகன் அவரைத் தூத்துக்குடிக்கு அழைத்துப்போய், பெரிய ஓட்டலில் உட்காரவைத்து, "உம்மை மாதிரி தண்டல் இந்தத் துறைமுகத்துல உண்டுமா?" என்று கேட்டுக் கேட்டுக் கறியும் பரோட்டாவும் வைத்தான். மறுநாள் இனிகோ ஏறிய தோணி, வேறு எந்தத் தண்டலும் காலெடுத்து வைக்க மறுத்த தோணி. மாலே போய்ச் சேரும்வரை ஆட்கள் முறைவைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஏற்றிய வெங்காயத்தில் பாதி அழுகிப்போனது. விலா எலும்பு தெரிய வீடு வந்தவரிடம், "ஏறுறதுக்கு முன்னால தோணியைப் பாத்தீரா?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"பாத்தேன். ஆனா அவன் நல்லாக் கவனிச்சானே ளா. எப்படி முடியாதுங்கது?"

இன்னொரு தடவை ஒரு கட்சிக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரம் தெருமுனைச் சுவரொட்டியில், கட்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் இனிகோவும் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் பல மாதம் அவரோடு பேசவில்லை.

"எப்பம்யா சேர்ந்தீரு?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"சேரவே இல்ல. உக்காரத்தான் சொன்னாங்க."

மகளைக் கட்டிக்கொடுத்து அவள் பஹ்ரைனில் குடியேறிய பிறகு, இனிகோ தோணிவேலையை விட்டார். ஒரு சின்னப் பைபர் படகை வைத்துக்கொண்டு, கரையைவிட்டு அதிகம் போகாமல் தூண்டில் போட்டு வந்தார். இனிமேல் இவரை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று பிளாரன்ஸ் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியையும் கெடுத்தது அந்தப் படகிலிருந்து அவர் கண்ட காட்சிதான்.

பக்கத்துத் தெரு ஜெஸ்டின் நண்டு வலை போட்டிருந்தான். ஒரு விடியற்காலையில் தூத்துக்குடி விசைப்படகு ஒன்று, வரக்கூடாத அளவுக்குக் கரைப்பக்கம் வந்து மடி என்னும் இழுவலையை இழுத்தது. ஜெஸ்டினின் வலை மொத்தமும் அதோடு போனது. மிதவைகூட மிஞ்சவில்லை. அது அவன் புதிதாக இறக்கிய வலை, வேறு வலை அவனுக்குக் கிடையாது. விசைப்படகுச் சங்கத்தார் எங்கள் படகு எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை என்று சாதித்தார்கள். படகைக் கண்ணால் பார்த்தவர் இனிகோ ஒருவர்தான்.

பார்த்தவர் அப்போதே ஊர்க்கமிட்டியாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இனிகோ டீக்கடையில் நின்று, "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ரெண்டு தரப்பும் இருக்கும்போது யாரு படகுன்னு சொல்லுதேன்" என்று அறிவித்துவிட்டு வந்தார். தன்னை நாலு பேர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமையே வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் கிளீட்டஸ் மோத்தா. தூத்துக்குடியில் மூன்று விசைப்படகும் ஐஸ் கம்பெனியும் வைத்திருப்பவர். அவருடைய அப்பாவின் தோணியில்தான் இனிகோ அதிக காலம் தண்டலாக இருந்தார். ஒரு கையில் மக்ரூன் டப்பா, இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய சீலா மீன். பிளாரன்ஸ் மீனைப் பார்த்தாள், பிறகு மனிதரைப் பார்த்தாள். ஜெஸ்டினின் வலையை இழுத்துப்போனது இந்த மனிதரின் படகு என்று இனிகோ அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"தண்டலண்ணே, அப்பா போனதுக்கப்புறம் நம்ம வீட்டுக்குப் பெரியவர்னு யாரு இருக்கா? எம் மகன் அனிஷுக்குப் பையன் பொறந்திருக்கான். வாற சனிக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தகப்பனா நீருதான் நிக்கணும்."

இனிகோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், பிறகு மறுபடியும் எழுந்து, "ஏளா, காப்பி போடு" என்றார்.

கார் தெருவைத் தாண்டியதும் பிளாரன்ஸ் ஆரம்பித்தாள்.

"இத்தனை வருசமா உம்மைத் தெரியாதவரு இந்த வாரம் எதுக்குக் கூப்பிடுதாரு? அதை மட்டும் சொல்லும்."

"பிள்ளை இப்பத்தான பொறந்திருக்கு!"

"அனிஷும் ஒரு நாள் பொறந்தான்லா? அப்பம் நீரு அவங்க தோணியிலதான இருந்தீரு?"

"அதான ளா. கடல்ல இருந்தேன். எப்படிக் கூப்பிடுவாங்க?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தார். பிளாரன்ஸ் மக்ரூன் டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தாள். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தார்.

அவளுடைய எரிச்சலுக்குக் காரணம் இதுதான். ஞானத்தகப்பனாகக் குழந்தையைக் கோயில் ஞானஸ்நானத் தொட்டியடியில் ஏந்துகிறவனும் குழந்தையின் வீட்டாரும் அன்று முதல் உறவு. அப்படி உறவானவர்கள் ஊர்க்கூட்டத்தில் ஒருவருக்கு எதிராக ஒருவர் வாய் திறப்பதில்லை. எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவரும் இல்லை. மீறப்போனாலும் கமிட்டியாரே, "உறவு வந்துட்டுல்லா, நீரு உக்காரும்" என்று சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கினால் ஞாயிற்றுக்கிழமை இனிகோவுக்கு வாய் கிடையாது. ஜெஸ்டினுக்கு வலையும் கிடையாது. சின்னப்பிள்ளைக்கும் புரியும் கணக்கு.

"அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம்" என்றார் இனிகோ, வாயில் மக்ரூனோடு.

"அப்படியா? போன வருசம் செபஸ்தியானைக் கமிட்டி உக்காரச் சொன்னது எந்தக் காலம்?"

 இனிகோ தின்ன ஒன்றும் மிஞ்சாததுபோல் டப்பாவின் அடியைத் தடவினார்.

புதன்கிழமை சாயங்காலம் தெருவில் அன்பியக் கூட்டம். வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் அந்த ஜெபக்கூட்டத்தில் வேதம் வாசிப்பது பிளாரன்ஸ்தான். அன்றைக்குக் குறித்திருந்த பகுதியை விட்டுவிட்டு, விருந்துக்குப் போகிறவனுக்குச் சாலமோன் ராஜா சொன்ன புத்தியை எடுத்தாள். பெரியவன் பந்தியில் உட்கார்ந்தால் பதார்த்தத்தின்மேல் ஆசை வைக்காமல் எதிரே இருப்பது யாரென்று பார்க்கச் சொல்கிற இடம். கருமி வாயால் உபசரிப்பான், அவன் நெஞ்சு உன்னோடு இருக்காது, தின்றதைக் கக்க வேண்டிவரும் என்கிற இடம். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கூடியிருந்த பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இனிகோ கண்ணை மூடிக்கொண்டு, ரொம்பச் சரி என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது, "நல்லா வாசிச்ச. பாவம் ளா கிளீட்டஸ்" என்றார்.

"அவரு எதுக்குப் பாவம்?"

"பெரிய மனுசன்லா? நாலு இடத்துல கூப்பிடுவாங்க. எவன் எந்த நெனப்புல சோறு போடுதான்னு பாத்துப் பாத்துத்தான திங்கணும்?"

பிளாரன்ஸ் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அது உமக்கு வாசிச்சதுய்யா!"

"எனக்கா? கருமி வீட்டுச் சோத்தைத்தான வேண்டாங்காரு? கிளீட்டஸா கருமி? எம்மாம் பெரிய சீலாவைக் கொண்டுவந்தாரு!"

"காரியம் ஆகணும்னா கருமி கைநிறையத்தான் கொண்டுவருவான்."

"வரி வசூல்ல ஊரை ஏமாத்துன சக்கேயு வீட்டுக்கு ஏசு போகலியா? அவனைவிடவா இவரு மோசம்?"

"ஏசு போனாரு, சக்கேயு மாறினான். நீரு போனா நீருதான் மாறுவீரு."

அவர் சிரித்தார். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. சண்டைக்கு வராத ஆளோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

ஆனால் அவளுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல முடியவில்லை. இனிகோவுக்கு ஞானப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. ஊரில் ஞானஸ்நானம் நடந்தபோதெல்லாம் அவர் கடலில் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் ஞானப்பிள்ளைகள் கேக்கும் பழமும் எடுத்துக்கொண்டு ஞானத்தகப்பன் வீடுகளுக்குப் போவார்கள். இனிகோவும் அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். பிள்ளைகள் அவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கிளீட்டஸ் மோத்தா எப்படித்தான் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துத் தொட்டாரோ.

வியாழக்கிழமை காலையில் ஜெஸ்டின் வந்தான். உள்ளே வரவில்லை.

"மாமா, தூத்துக்குடியில பிள்ளை தூக்கப் போறீராமே?"

"ஆமாலே" என்றார் இனிகோ. குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

"நல்லது மாமா."

அவ்வளவுதான், போய்விட்டான். ஏன் மாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. பிளாரன்ஸ் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவையில்லாமல் கழுவ ஆரம்பித்தாள். தட்டுகள் போட்ட சத்தத்தில் இனிகோ வீட்டுக்குள் இருக்க முடியாமல் படகடிக்குப் போனார்.

அன்று மத்தியானம் கிளீட்டஸ் மறுபடியும் வந்தார். கூடவே மருமகள் ஜெர்லின், அவள் கையில் குழந்தை. இனிகோவுக்குப் பட்டுவேட்டியும் சட்டையும், பிளாரன்ஸுக்குச் சேலையும் ஒரு பையில் இருந்தன. ஜெர்லின் சூதுவாதில்லாத பெண். வந்ததும் குழந்தையை இனிகோவின் மடியில் போட்டுவிட்டு, "தாத்தாவைப் பாருடா" என்றாள். அது அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. இனிகோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஈ உட்கார்ந்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை.

"உங்க அம்மா வந்தாச்சா?" என்று ஜெர்லினிடம் கேட்டாள் பிளாரன்ஸ்.

"எங்க வந்தாங்க அத்தை! குவைத்துல லீவு கிடைக்கல. செவ்வாக்கிழமைதான் வாராங்க. அடுத்த வாரம் வைக்கலாம்னு நான் அழுது பாத்துட்டேன். மாமாதான் கேக்கல."

"மண்டபம் கிடைக்கணும்லாம்மா" என்றார் கிளீட்டஸ்.

"மண்டபம் நம்மளுதுதான மாமா?"

 கிளீட்டஸ் செல்போனை எடுத்துப் பார்த்தார். மணி அடித்ததாகத் தெரியவில்லை. பிளாரன்ஸ் தன் புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தாள். இனிகோவின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்திருந்தது.

"அப்பம் ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி!" என்றார். "அடுத்த சனிக்கிழமை வச்சிருவோம். சம்பந்தியம்மாவும் வந்திருவாங்க. நானும் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு நிம்மதியா வந்து பிள்ளையைத் தூக்குவேன். ஜெஸ்டின் பயலுக்கும் குறையில்ல, நமக்கும் குறையில்ல."

பிளாரன்ஸ் ஆயிரம் யோசித்திருந்தாலும் இப்படி ஒரு சோதனையைக் கிளீட்டஸின் முன்னால் வைத்திருக்க முடியாது. இந்த மனிதர் யோசிக்காமலே வைத்துவிட்டார், அதுவும் ஆசையோடு. அவள் கிளீட்டஸின் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு அங்கேயே இருந்தது. அதன் பின்னால் இருந்த ஆள் மட்டும் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது.

"பாப்போம்ணே" என்று சொல்லிக் கிளீட்டஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். விரலை விடுவிக்கக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

கார் போனதும், "பாத்தியா? பாப்போம்னு சொல்லிட்டாரு" என்றார் இனிகோ.

"பாத்தேன்யா, பாத்தேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் பிளாரன்ஸ்.

வெள்ளிக்கிழமை கிளீட்டஸின் ஆபீசிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை ஞானஸ்நானம் இல்லை, தள்ளிவைத்திருக்கிறது. வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். இனிகோ தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். "நான் கேட்டேன், உடனே தள்ளிவச்சிட்டாரு. இவ என்னல்லாமோ சொன்னா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஒரு பக்கம் ஊர்க்கமிட்டியார், எதிரே விசைப்படகுச் சங்கத்தார். சங்கத்தார் நடுவில் கிளீட்டஸ் மோத்தா. பெண்கள் பக்கத்தில் பிளாரன்ஸும் ஜெஸ்டினின் மனைவி ஸ்டெபியும் நின்றார்கள். தலைவர் இனிகோவை எழுந்து பேசச் சொன்னார்.

இனிகோ எழுந்து, முதலில் கிளீட்டஸின் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் எவ்வளவு பெரிய மனிதர், தோணி கிளம்பும்போது எப்படிக் கரையில் வந்து நிற்பார், ஒரு தடவை புயலில் மாட்டியபோது ஆட்களின் வீட்டுக்கெல்லாம் எப்படி அரிசி அனுப்பினார். பிறகு அன்றைய விடியற்காலைக் காற்றைப் பற்றிச் சொன்னார். கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்டெபி பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, மாமா சொல்லுவாங்களா மாட்டாங்களா?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? நாப்பது வருசமா அந்த வாயோடதான் மல்லுக்கட்டுதேன்" என்றாள் பிளாரன்ஸ்.  சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு கிளீட்டஸைப் பார்த்துச் சிரிக்கும் அந்த மனிதர் அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"தண்டல்," என்றார் தலைவர், "படகு யாருது? அதைச் சொல்லும்."

"அதைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்பேர்ப்பட்ட மனுசனோட மகன் படகு அது. நம்ம கிளீட்டஸ் தம்பி படகுதான். தம்பி அதுல இல்ல, ஆளுங்கதான் இருந்தாங்க. என்னையும் பாத்தாங்க, கையைக்கூடக் காட்டுனேன். தம்பிக்குத் தெரிஞ்சா வலையை வாங்கிக் குடுத்திருவாரு. அவரு அப்பா குணம் எனக்குத் தெரியும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இனிகோ கேலி பண்ணவில்லை என்பது பிளாரன்ஸுக்கு மட்டும் தெரியும். அவர் நம்பித்தான் சொன்னார். கிளீட்டஸ் எழுந்து, ஆட்கள் செய்ததற்குத் தான் பொறுப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரமே ஜெஸ்டினுக்குப் புது வலை வந்து இறங்கியது.

அத்தோடு முடிந்திருந்தால் பிளாரன்ஸ் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் இனிகோ போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார், பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தார். அந்தப் பட்டுச்சட்டையை இரண்டு தடவை வெயிலில் காட்டி எடுத்தார்.

"அவங்க கூப்பிடமாட்டாங்கய்யா."

"சனிக்கிழமைன்னு நானே சொல்லியாச்சுல்லா? தனியா வேற எதுக்குக் கூப்பிடணும்? கார் அனுப்புவாங்க."

சனிக்கிழமை காலையிலேயே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கார் வரவில்லை. மத்தியானம் ஐஸ் வண்டி ஓட்டும் நல்லக்கண்ணு தெருவில் வந்தான். இவர் கோலத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"என்ன தண்டல், இங்கனயா இருக்கீரு? மோத்தா வீட்டு விருந்துக்கு ஐஸ் இறக்கிட்டுத்தான் வாரேன். பிள்ளையை ஜெர்லினோட அண்ணன்ல்லா தூக்கினான்?"

"அப்படியாலே" என்றார் இனிகோ. "ஜெர்லின் அம்மா வந்துட்டாங்களாமா?"

"வந்துட்டாங்க."

"நல்லது."

உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மடித்துவைத்தார். மடிப்பு சரியாக வரவில்லை. உதறிவிட்டு மறுபடியும் மடித்தார். பிளாரன்ஸ் இந்த நேரத்துக்கென்று ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. கத்துவதற்குக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாரே மனிதர்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்டெபி ஒரு மூடிபோட்ட சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். புது வலையில் கிடைத்த முதல் பாட்டைக் குழம்பு வைத்திருந்தாள்.

"மாமாவுக்குன்னு தனியா எடுத்துவச்சது. நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்னு அவங்க சொல்லச் சொன்னாங்க."

இனிகோ சட்டியைப் பார்த்தார். ஸ்டெபியைப் பார்த்தார். முன்னெப்போதும் அந்த முகத்தில் இல்லாத சந்தேகத்தோடு, "எதுக்கு?" என்று கேட்டார்.

ஸ்டெபிக்குப் புரியவில்லை. "எதுக்குன்னா... சாப்பிடத்தான் மாமா" என்று பிளாரன்ஸைப் பார்த்தாள்.

"ஐயோ கடவுளே!" என்றாள் பிளாரன்ஸ். சட்டியைத் திறந்து ஒரு பெரிய நண்டை எடுத்து அவர் தட்டில் போட்டாள். "யாருகிட்டய்யா கேக்கீரு, இந்தப் பிள்ளைகிட்டயா? நண்டு இது. தின்னும்."